மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்

எங்கள் அப்பா எந்தச் சிட்டையையும் இரண்டு தடவை கூட்டுவார். முதலில் மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக. இரண்டு தொகையும் ஒன்றாக வந்தால்தான் அடியில் கோடு கிழிப்பார். கோவில்பட்டியில் எங்கள் மளிகைக் கடைக்குக் கால்குலேட்டர் வந்து பல வருஷம் ஆகியும் அது கல்லாப்பெட்டிக்குள் ரப்பர் பேண்டுகளோடு கிடந்தது. "அது ஒரு தடவைதானே கூட்டுது" என்பது அதன்மேல் அவருக்கிருந்த குறை.

நான் புரோகிராம் எழுதக் கற்ற கதையை யார் கேட்டாலும் அந்தச் சிட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1999 மே மாதம். பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்தது. கல்லூரி திறக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று அப்பா என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனார். அங்கிருந்தவரே, "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான் அண்ணாச்சி" என்று எதிர்மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரைக் காட்டி அனுப்பிவிட்டார்.

மாடியில் ஏழு கம்ப்யூட்டர்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறையை மடித்து வைத்துவிட்டு உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதிலும் பக்கத்தில் இன்னொருத்தி இருப்பாள். அவள் அரை மணி, நான் அரை மணி. யுபிஎஸ், சொல்லித்தரும் மிஸ்ஸின் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். கரண்ட் போனால் மற்ற ஆறிலும் அடித்தது அத்தனையும் காற்றோடு போகும். எஃப் 2 பட்டனை அமுக்கிச் சேமித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நான் அங்கே கற்ற முதல் பாடம்.

டர்போ சி. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. 'ஹலோ வேர்ல்டு' என்று திரையில் காட்டுவது முதல் பயிற்சி. 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்திலிருந்து ஊர் ஊராகப் பரவிய அரிச்சுவடி அது. அடுத்து வந்ததெல்லாம் ரெக்கார்டு நோட்டில் வரிசையாக இருந்தது: பகா எண், ஃபிபோனாச்சி, பாலிண்ட்ரோம், ஆர்ம்ஸ்ட்ராங் எண். எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். வாய்பாடு ஒப்பிப்பதுபோல ஒரு அரைப்புள்ளி தவறாமல் அடித்துவிடுவேன்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆர்ம்ஸ்ட்ராங் எண் என்றால், 153-ஐ எடுத்துக்கொண்டால், ஒன்றின் கனம் 1, ஐந்தின் கனம் 125, மூன்றின் கனம் 27, கூட்டினால் அதே 153. நான் அடித்து ஓட்டிக் காட்டினேன். மிஸ் பார்த்துவிட்டு, "நாலு இலக்க எண்ணுக்கு மாத்து. 1634 போட்டா சரின்னு வரணும்" என்றார். நான் திரையைப் பார்த்தேன், திரை என்னைப் பார்த்தது. மூன்று இலக்கத்துக்கு மும்மடி என்றால் நான்கு இலக்கத்துக்கு நான்காம் அடுக்கு. ஒரே ஓர் இடத்தில் மாற்றினால் போதும். அந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

மிஸ் திட்டவில்லை. "இந்த ஆர்ம்ஸ்ட்ராங் நம்பர் யாருக்கு வேணும்? தப்பா வந்தாக்கூட உனக்குத் தெரியாது. உங்க வீட்ல என்ன வேலை?" என்று கேட்டார்.

"மளிகைக் கடை மிஸ்."

"அதுல ஒரு சின்ன வேலையை எடுத்துக்கோ. விடை முன்னாடியே தெரிஞ்சதா இருக்கணும். தப்பு வந்தா வீட்ல ஒரு ஆள் சொல்லணும், இது தப்புன்னு."

அன்று அது ஏதோ சமாளிப்புப் பேச்சாகத்தான் பட்டது. அப்புறம் இருபது வருஷமாக நானே அதைப் பலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் உட்கார்ந்து யோசித்தேன். சின்ன வேலை என்று அகப்பட்டது இது: விலையை அடித்தால் பொருளின் பெயர் வர வேண்டும். 25 பைசா என்றால் புளிப்பு மிட்டாய், 50 பைசா என்றால் தீப்பெட்டி, 70 பைசா என்றால் ஊறுகாய்ப் பொட்டலம், 75 பைசா என்றால் சீயக்காய்ப் பொட்டலம். விலையை வைத்துப் பொருளைக் கண்டுபிடிப்பது என்ன புத்திசாலித்தனம் என்று இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அது நானாக யோசித்த முதல் புரோகிராம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் சிட்டைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு வரியிலும் எந்தப் பெட்டிக்குள் எந்த எண் இருக்கும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு போனேன். சென்டரில் அரை மணி நேரம்தான் என்பதால் வந்த பழக்கம். வசதி வந்தபின் விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

ஓட்டினேன். 0.25 அடித்தேன், மிட்டாய் வந்தது. 0.50, தீப்பெட்டி. 0.75, சீயக்காய். 0.70 அடித்தேன்: 'அப்படி ஒரு பொருள் இல்லை.'

மறுபடி அடித்தேன். இல்லை. வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இல்லை. ஊறுகாய் மட்டும் இல்லை.

மிஸ் ஒரு வெள்ளைத் தாளில் விளக்கினார். கம்ப்யூட்டருக்கு ஒன்றைப் பாதியாக்கத் தெரியும், பாதியைப் பாதியாக்கத் தெரியும், அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கத் தெரியும். அவ்வளவுதான். பின்னம் எதுவானாலும் அந்தத் துண்டுகளை அடுக்கித்தான் ஆக்க வேண்டும். 0.5, 0.25, 0.75 கச்சிதமாக அமைந்துவிடும். 0.7 அமையாது, அடுக்கிக்கொண்டே போகலாம், முடியாது. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். நான் விலையை வைத்திருந்த ஃப்ளோட் நான்கு பைட் பெட்டி. புரோகிராமுக்குள் நான் எழுதியிருந்த 0.7-ஐ சி மொழி எட்டு பைட்டில் வைத்துக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு இடத்தில் வெட்டப்பட்டவை. அதனால் இரண்டும் சமமில்லை.

தலையாட்டிவிட்டு வந்தேன். புரியவில்லை.

புரியவைத்தவர் தாத்தா. அப்போது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பது அவர் வேலை. அப்பாவிடம் நான் இந்த ஊறுகாய்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் வாங்கியிருக்கிறார்.

"அரை, கால், அரைக்கால், வீசம்தான் தெரியுமாக்கும் அதுக்கு? அப்ப அது அணாக் கணக்குல்ல போடுது" என்றார்.

ஒரு ரூபாய்க்கு 16 அணா. அரை ரூபாய் எட்டணா, கால் ரூபாய் நாலணா, அரைக்கால் இரண்டணா, வீசம் ஓரணா. எல்லாம் பாதிக்குப் பாதி. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்து ரூபாயை நூறாகப் பிரித்தபோது, தாத்தா இதே கல்லாவில் உட்கார்ந்திருந்தவர். "ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசாவை எங்க கொண்டுபோய் வைக்கிறது? ஆறுன்னு குடுத்தா எனக்கு நட்டம், ஏழுன்னு கேட்டா வாங்க வந்தவன் சண்டைக்கு வருவான்" என்று நேற்று நடந்ததுபோலச் சலித்துக்கொண்டார்.

பிறகு விரலை மடக்கிச் சொன்னார். "எழுபது பைசாவா? அரை வச்சுக்கோ, எட்டணா. கால் வச்சா மிஞ்சிரும், வேண்டாம். அரைக்கால் வையி, பத்தணா ஆச்சு. வீசம் வையி, பதினோரணா. பதினோரணாவுக்கு என்ன ஆச்சு?"

நான் தாளில் போட்டேன். 68 முக்கால் பைசா.

"இன்னும் ஒண்ணேகால் பைசா நிக்குது பாரு. அதுக்கு வீசத்தைப் பாதியாக்கு, மிஞ்சும். இன்னும் பாதியாக்கு, அப்பவும் மிஞ்சும். இன்னும் பாதியாக்குனா பத்தாது. இப்படியே போயிக்கிட்டேதான் இருக்கும், தீராது."

அன்றைக்கு எனக்கு ஒரு மின்னல் வெட்டியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வயிற்றெரிச்சல்தான் வந்தது. நாற்பத்திரண்டு வருஷம் முன்னால் ஒழித்த அணாவை இந்தப் பெட்டிக்குள் யார் கொண்டுவந்து வைத்தது?

மிஸ் தீர்வு சொன்னார்: ரூபாயாக வைக்காதே, பைசாவாக வை. 70 பைசாவை 70 என்று முழு எண்ணாக வைத்தால் பின்னமே வராது. காட்டும்போது மட்டும் நூறால் வகுத்துப் புள்ளி வைத்துக்கொள். அப்படியே செய்தேன். துணிச்சல் வந்து, விலையைக் கொண்டு பெயர் தேடும் விளையாட்டை விட்டுவிட்டு, முழு பில்லே போட ஆரம்பித்தேன். பொருள், அளவு, விலை, அடியில் மொத்தம். சின்னச் சின்னச் சிட்டைகளைக் கொண்டுபோய்ச் சரிபார்த்தேன். 42 ரூபாய், 118 ரூபாய் 50 பைசா, 260 ரூபாய். அத்தனையும் சரி. அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கே அழைத்துவந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் அன்றைய சிட்டை ஒன்று இருந்தது. அவர் வாசிக்க, நான் அடித்தேன்.

பத்துக் கிலோ அரிசி 150. இரண்டு கிலோ துவரம்பருப்பு 64. மூன்று கிலோ சீனி 42. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 48. அரைக் கிலோ புளி 16. இதுவரை 320 ரூபாய் என்று திரையும் சொன்னது, அப்பாவின் உதடும் சொன்னது. கடைசியாக மூன்று சோப்பு, 30 ரூபாய்.

திரையில் வந்த மொத்தம்: -305.-36.

ஒன்றுக்கு இரண்டு கழித்தல் குறி. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏன் தாயி, முன்னூத்தம்பது ரூபாய்க்குச் சரக்கையும் குடுத்துட்டு, முன்னூத்தஞ்சு ரூபாயையும் நாமளே குடுக்கணுமா?"

பக்கத்து சீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. அப்பா சிரிக்கவில்லை. சிட்டையை மேஜைமேல் வைத்துக் கீழிருந்து மேலாகக் கூட்டினார். "சோப்பு போடுற வரைக்கும் சரியாத்தான இருந்துச்சு. அந்த ஒரு வரியை மட்டும் பாரு" என்றார். புரோகிராமில் பிழை தேடுவது எப்படி என்று எந்தப் புத்தகமும் அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லித்தரவில்லை. எதுவரை சரி, எங்கிருந்து தப்பு, அந்த இரண்டுக்கும் நடுவில் பார்.

நடுவில் இருந்தது இதுதான். டர்போ சி-யில் முழு எண்ணுக்கான இன்ட் இரண்டே பைட். அதற்குள் அடங்கும் மிகப்பெரிய எண் 32767. பைசாவாகப் பார்த்தால் 327 ரூபாய் 67 பைசா. அதற்கு ஒரு பைசா கூடினாலும், வண்டி மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டிச் சுற்றி வருவதுபோல, எண் மறுபக்கம் போய் எதிர்மறையிலிருந்து தொடங்கும். 35000 பைசா, 65536-ஐ இழந்து, கழித்தல் 30536 ஆகிவிட்டது. ரூபாயை ஒரு பக்கமும் பைசாவை ஒரு பக்கமுமாக நான் தனித்தனியே வகுத்துக் காட்டியதால் இரண்டுக்கும் ஆளுக்கொரு கழித்தல் குறி.

இன்ட் என்ற இடத்தில் லாங் என்று மாற்றினால் நான்கு பைட். 2,14,74,836 ரூபாய் 47 பைசா வரை தாங்கும். "நம்ம கடைக்கு அது போதும்" என்றார் அப்பா. பில்லை நம்பினாரா என்றால் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், "327 ரூபாய்க்கு மேல வாங்குற ஆளுங்க நம்ம கடையில மாசத்துக்கு எத்தனை பேரு" என்று எண்ணிக்கொண்டே வந்தார்.

அந்த வெற்றி தலைக்கேறி, கடை முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறேன் என்று கிளம்பியது தனிக்கதை. சரக்கு இருப்பு, பற்று வரவு, விருதுநகர் மொத்தக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டியது, எல்லாம் ஒரே புரோகிராமில். அறுநூறு வரிகளைத் தாண்டியது. இருபது பொருளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு இருபத்தொன்றாவதை ஏற்றினேன்; அது பக்கத்திலிருந்த எதன்மேலோ போய் உட்கார, கம்ப்யூட்டரே உறைந்து நின்றது. எதுவரை சரி என்று தேட முடியவில்லை, ஏனென்றால் எதுவுமே தனியாகச் சரிபார்க்கப்படவில்லை. அப்பாவிடம் காட்டவும் அதில் ஒன்றுமில்லை. இரண்டு மாதம் போராடிவிட்டு ஃப்ளாப்பியை அலமாரியில் போட்டேன்.

மறுபடி சின்னதற்கே வந்தேன். ஒன்றிலிருந்து நூறுக்குள் கம்ப்யூட்டர் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். நாம் கண்டுபிடிக்க வேண்டும். 'கூட', 'குறைச்சல்' என்று மட்டும் சொல்லும். பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் ஏழு முயற்சிக்குள் எந்த எண்ணும் அகப்பட்டுவிடும், ஏழு தடவை இரண்டைப் பெருக்கினால் 128 என்பதால். இதைத் தம்பிக்குக் கற்றுத்தரலாம் என்று பெருமையோடு கூட்டிப்போனேன். அவன் இரண்டாவது ஆட்டத்தில் முதல் முயற்சியிலேயே சொல்லிவிட்டான். "அக்கா, போன தடவையும் இதே நம்பர்தானே?" ரேண்டமைஸ் என்று ஒரு வரி எழுத மறந்திருந்தேன். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அதே வரிசையில் அதே எண்கள்தான் வரும். பதினான்கு வயதுப் பையன் இரண்டு நிமிஷத்தில் பிடித்த பிழையை நான் ஒரு வாரமாகப் பார்க்கவில்லை; நான்தான் ஏழு முயற்சி சூத்திரத்தையே ரசித்துக்கொண்டிருந்தேனே.

பிறகு கல்லூரி, வேலை, சென்னை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் "என்ன பிராஜெக்ட் பண்ணலாம்" என்று கேட்பார்கள். கால்குலேட்டர், செய்யவேண்டியவை பட்டியல், வானிலை காட்டும் ஆப் என்று ஆளாளுக்கு ஒரே வரிசையை வைத்திருப்பார்கள். அதில் தப்பே இல்லை. "ஓடுது" என்று கொண்டுவந்து காட்டுவார்கள். "சரின்னு யார் சொன்னா?" என்று கேட்பேன். விழிப்பார்கள். அம்மா பிடிக்கிற சீட்டின் கசர் கணக்கையோ, பாட்டி வீட்டுப் பால் கணக்கையோ எடுத்துக்கொண்டவர்கள் விழிப்பதில்லை. ஏனென்றால் பாட்டி ஏற்கெனவே திட்டி அனுப்பியிருப்பார்.

2020. ஊரடங்கில் கோவில்பட்டி வீட்டிலிருந்துதான் வேலை. அக்கா மகளும் எங்களோடு இருந்தாள், பிளஸ் டூ. தமிழ்வழிக் கணினி அறிவியல் புத்தகத்தில் சி++ போய், பைத்தான் வந்திருந்தது. பாலிண்ட்ரோம் பயிற்சி மட்டும் போகவில்லை. சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகிறதா என்று பார்க்கும் அதே பழைய கணக்கு. எங்களுக்கு ஆங்கிலத்தில் 'மேடம்' என்ற ஒரே சொல்தான் எடுத்துக்காட்டு. இவள் பைத்தானில் தமிழிலேயே அடிக்கலாம் என்று 'விகடகவி' என்று அடித்தாள்.

இல்லை என்று வந்தது.

"சித்தி, விகடகவி இல்லையாம்!"

வாசல் பெஞ்சில் இப்போது அப்பா. எழுபது வயது. கடையை விட்டாயிற்று. "எவன் சொன்னான்?" என்றார் அங்கிருந்தே. "தெனாலிராமன் காலத்துலருந்து விகடகவி விகடகவிதான். சம்பந்தர் சீகாழிக்கு மாலைமாற்றுன்னு ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்காரு. உன் பெட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியலை."

அதுதான் உண்மை. நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். 7 என்றது. வி, க, ட, க, வி. ஐந்து எழுத்து. யூனிகோடில் 'வி' ஓர் எழுத்தில்லை. வகரம் ஒன்று, அதன் தலையில் போடும் இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. முதலிலிருந்து கடைசிவரை திருப்பிப் போட்டால் குறி தன் வகரத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் ககரத்தின்மேல் ஏறிக்கொள்ளும். திரையில் ஆதரவற்ற ஒரு குறி முன்னால் நிற்க, பின்னால் 'வகடகிவ' என்று நின்றது. 'கோவில்பட்டி' என்று போட்டாள். ஆறெழுத்து ஊருக்குப் பதினொன்று என்றது.

நான் விடையைச் சொல்லவில்லை. சிட்டைத் தாள் இல்லை, பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு குறியாக எழுதி, ஓரத்தில் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பதினோரு உயிர்மெய்க் குறிகளையும் ஒரு புள்ளியையும் தனியாகப் பட்டியலிட்டுக்கொள்வது. சொல்லை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது வருவது அந்தப் பட்டியலில் இருந்தால், அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுவது. இல்லையென்றால் புது எழுத்து. அப்படி எழுத்துகளாகக் கட்டியபிறகு திருப்புவது. எட்டு வரி. அடுத்து 'க்ஷ' போட்டால் இரண்டாகப் பிரியும் என்று எனக்குத் தெரியும். அதை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "தாத்தா, இப்பப் பாருங்க." அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் விரல் வைத்தார். வி, க, ட, க, வி என்று இடமிருந்து வந்தார். பிறகு அதே விரலை நிறுத்தி, வி, க, ட, க, வி என்று வலமிருந்து போனார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வருது" என்றார். "கோடு போட்டுரு."